ஆறு வருட நைட் ஷிஃப்ட், தினமும் 5 மணி நேரத் தூக்கம்: உடம்பு உண்மையிலேயே பழகிவிடுமா?

கிழக்குத்தாம்பரம்_34 எழுதியது:

வணக்கம். மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் ஏ.ஆர். காலராக இருக்கிறேன். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று கேட்கிற வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி, அதனால் மாலை 6:30க்கு உட்கார்ந்தால் அதிகாலை 3:30க்குத்தான் ஹெட்செட்டைக் கழற்ற முடியும். ஆறு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

கேப் உண்டு, ஆனால் அது நாலு பேரை நாலு மூலையில் இறக்கிவிட்டு வர ஒரு மணி நேரம் கூட ஆகும் என்பதால் பெருங்குடியிலிருந்து பைக்கில்தான் வருகிறேன். குளித்து, ஏதாவது சாப்பிட்டுப் படுக்க 5:30 ஆகிவிடும். ஏழு மணிக்குக் குக்கர் விசில், எட்டு மணிக்கு யுகேஜி படிக்கிற பையனின் ஸ்கூல் வேன், ஒன்பதுக்கு மேல் தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் மைக். 10:30க்கு எழுந்துவிடுவேன். கணக்குப் பார்த்தால் 5 மணி நேரம், அதுவும் விட்டு விட்டு.

இவ்வளவு நாளும் எனக்கு இது பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையாகவே பகலில் பெரிய அசதி தெரியாது. ஆனால் போன மாதம் கம்பெனி ஹெல்த் செக்கப்பில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 6.1 என்று வந்தது. அதற்கு அடுத்த வாரம் மேடவாக்கம் தாண்டி வரும்போது ஒரு நொடி கண் அசந்துவிட்டது. சென்டர் மீடியனில் முட்டுவதற்கு ஒரு அடி முன்னால் முழித்தேன். அன்றிலிருந்து மனது சரியில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. குறைந்த தூக்கத்துக்கு உடம்பு பழகிவிடும் என்பது உண்மையா? சனி, ஞாயிறு பத்து மணி நேரம் தூங்கி ஈடு கட்டுகிறேனே, அது போதாதா? வாட்ஸ்அப்பில் வருவதைக் கேட்கவில்லை, நிஜமாக ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வார்டு_டாக்டர் எழுதியது:

பொது மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும் பிஜி நான். நேராகவே சொல்கிறேன், உங்கள் முதல் கேள்விக்குப் பதில் ‘இல்லை’. பழகுவது உடம்பு இல்லை, அசதியை அசதி என்று உணர்கிற அந்த உணர்வு மட்டும்தான் மழுங்கிப்போகிறது.

இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினர் 2003இல் வெளியிட்டது. ஆரோக்கியமான 48 பேரில் ஒரு பிரிவுக்கு இரவில் 8 மணி நேரம், ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 4 என்று 14 நாள் தூங்க விட்டார்கள். நாலாவது பிரிவை மூன்று இரவு தூங்கவே விடவில்லை. எல்லோருக்கும் ஒரே பரிசோதனை, திரையில் எண் தெரிந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் தூக்கம் குறைந்த மூளையைக் காட்டிக்கொடுப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. 6 மணி நேரம், 4 மணி நேரம் தூங்கியவர்கள் நாளுக்கு நாள் தவறவிட்டுக்கொண்டே போனார்கள், இரண்டு வாரம் முடியும்போது, ஒன்றிரண்டு இரவு பொட்டுத் தூக்கம் இல்லாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

உங்களுக்கு முக்கியமானது இனிமேல்தான். ‘இப்போது எவ்வளவு தூக்கமாக இருக்கிறது’ என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முதல் சில நாள் அது ஏறியது, அப்புறம் கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்டது. கை தடுமாறுவது கூடிக்கொண்டே போகிறது, ஆனால் ஆளுக்கு ‘பரவாயில்லை, பழகிவிட்டது’ என்று தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருப்பதும் அதே வார்த்தைதான் நண்பரே. அதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது.

சர்க்கரைக்கு வருவோம். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். தூக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கிறதா, தொப்பை எப்படி, இதெல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழு 11 இளைஞர்களை ஆறு இரவு வெறும் 4 மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தது. திடமான பையன்கள், எந்த நோயும் இல்லாதவர்கள். அந்த ஆறு நாளிலேயே குளுக்கோஸைக் கையாளும் திறன் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. பிறகு 12 மணி நேரம் படுக்க விட்டபோது தேறியது. அதனால் உங்களுடைய 6.1ஐத் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் என்றால் அதை முதலில் நிறுத்துங்கள். அதே சாப்பாடு பகலில் ஏற்றுவதைவிட நடு ராத்திரியில் சர்க்கரையை அதிகம் ஏற்றும், கணையத்துக்கும் இரவு பகல் உண்டு.

வார இறுதிக்கு வருகிறேன். தூங்குவது நல்லதுதான், தூங்குங்கள், ஆனால் ஈடு ஆகாது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2019இல் இதையே பார்த்தார்கள். வார நாளில் 5 மணி நேரம், சனி ஞாயிறு இஷ்டப்படி, மறுபடி 5 மணி நேரம் என்று ஒரு பிரிவினரை வைத்ததில், இன்சுலினுக்கு உடம்பு சரியாக வேலை செய்யாமல் போவதை அந்த வார இறுதித் தூக்கம் தடுக்கவில்லை.

கடைசியாக பைக். 10:30க்கு எழுந்து 3:30க்குக் கிளம்பினால் சரியாக 17 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் இருவரும் 1997இல் அளந்து பார்த்தது இதைத்தான். 17 மணி நேரம் விழித்தவரின் கை, கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருக்குச் சமமாக இருந்தது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விடும் எல்லையே 0.03தான். நாளையிலிருந்து கேப்பில் வாருங்கள். ஒரு மணி நேரம் போனால் போகட்டும்.


மதுரை_சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், அதில் பாதி நைட் டியூட்டி. டாக்டர் தம்பி ஆராய்ச்சி எல்லாம் சொல்லிவிட்டார், நான் வீட்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் அந்த பைக் கதையை இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். திட்டுவார், திட்டட்டும். பகலில் நீங்கள் தூங்க வேண்டும் என்றால் அந்த வீட்டில் உங்களுக்குக் காவல் அவர்தான், அவருக்கே நிலைமை தெரியாமல் எதுவும் நடக்காது. என் வீட்டுக்காரர், நான் நைட் முடித்து வருகிற நாளில் காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடுவார், கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், மாமியார் மிக்ஸியை மதியத்துக்குத் தள்ளி வைத்துவிடுவார். இதற்கே நாலு வருடம் ஆனது, ஒரே நாளில் யாரும் மாறவில்லை.

அறையை இருட்டாக்குங்கள். நான் சொல்வது சாதாரணத் திரை இல்லை. கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்து, ஜன்னலின் நாலு ஓரமும் ஒட்டி, உள்ளே நின்றால் உங்கள் கையே தெரியக் கூடாது. விடியற்காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ‘பொழுது விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்று மூளை முடிவு செய்து, தூக்கத்தை வரவைக்கிற மெலட்டோனின் என்ற ஹார்மோனை நிறுத்திவிடும். வருகிற வழியிலேயே விடிந்துவிட்டால் கேப்பில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், யார் என்ன நினைத்தால் என்ன.

டீ கணக்கையும் பாருங்கள். விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கும், அதுதான் கண்ணைச் சொக்க வைப்பது. காபி, டீ அதைக் கரைக்காது, அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு மறைக்கும், அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 3 மணிக்கு ஒரு டீ குடித்தால் 5:30க்குப் படுக்கும்போது அது இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் வேண்டாம் தம்பி.

இன்னொன்று, குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னதுண்டா? உங்களுக்குத் தெரியாது, மனைவியைத்தான் கேட்க வேண்டும்.


பால்காரர்_மகன் எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பாவுக்கு வயது 81. பால் வியாபாரம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து மூணரைக்கு எழுந்து பார்த்திருக்கிறேன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை. இன்றைக்கும் கணக்கு நோட்டில் ஒரு தப்பு வராது. அமெரிக்காவில் ஏசி அறையில் பத்துப் பேரைப் படுக்க வைத்துச் சொல்வதை நம் ஊர் ஆட்களுக்கு எப்படிப் பொருத்துவது? கொசு, கரண்ட் கட், ஒரே அறையில் ஆறு பேர் என்று தூங்கி வளர்ந்தவர்கள் நாம். நம்மை வைத்து யாராவது அளந்திருக்கிறார்களா?


பொருளியல்_மாணவி எழுதியது:

அண்ணா, அளந்திருக்கிறார்கள். அதுவும் சென்னையிலேயே. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் படிப்பில் நான் மிக விரும்பிப் படித்த கட்டுரை அது.

பெசோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, டோமா என்ற ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் செய்து 2021இல் வெளிவந்தது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்தார்கள், நிஜச் சம்பளத்துக்கு. கையில் வாட்ச் மாதிரி ஒரு கருவி, அது கையின் அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணக்கிடும். அவரவர் வீட்டில், அவரவர் பாயில் தூங்கினார்கள். ஏசி அறை இல்லை.

எல்லோரும் சராசரியாக 8 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் புரண்டதும் முழித்ததும்தான். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கினால்தான் நல்ல தூக்கம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், இவர்களுக்கு 70க்குப் பக்கத்தில்தான் வருகிறது. நீங்கள் சொன்ன அதே புழுக்கம், கொசு, சத்தம், நெரிசல். நம் ஊர் ஆட்கள் அதிலும் அயர்ந்து தூங்குவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தூங்கவில்லை அண்ணா. இதைப் படித்தபோது வியாசர்பாடியில் எங்கள் பழைய வீடும், ராத்திரி முழுக்க விசிறி வீசிக்கொண்டே இருந்த ஆயாவும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அப்புறம் ஒரு பிரிவினருக்கு மெத்தை, மின்விசிறி, காது அடைப்பான், கண் மறைப்பு எல்லாம் கொடுத்து, எப்படித் தூங்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் தந்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலை வேகம், மனநிலை எல்லாம் நன்றாக உயரும் என்றுதான் நிபுணர்களே கணித்திருந்தார்கள். உயரவில்லை. ஒன்றிலும் மாற்றம் தெரியவில்லை. கிழிந்த தூக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினால் கிழிந்த தூக்கம்தான் நீளும், அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. இது என் கருத்து, ஆய்வாளர்கள் தீர்த்துச் சொன்னது இல்லை.

ஆனால் இன்னொரு பிரிவினரை மதியம் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் அமைதியான இடத்தில் தூங்க விட்டார்கள். அதில் பலன் தெரிந்தது. வேலையின் வேகம், கவனம், மன நலம் மூன்றும் கூடின. தூங்கிய அரை மணி நேரத்துக்கான வேலை போய்விடுவதால், தூங்காமல் வேலை செய்தவர்களைவிட வருமானம் குறைந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், ஏழைக்கு அந்த அரை மணி நேரமும் காசுதான்.

உங்கள் அப்பாவைப் பற்றி. குறைவாகத் தூங்கியும் நலமாக இருப்பவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ குழு 2009இல் ஒரு குடும்பத்தின் தாய், மகள் இருவரிடமும் டிஇசி2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தது, அவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தூக்கமே போதுமானதாக இருந்தது. ஆனால் அது மிக மிக அரிது. அப்பா மதியம் சாப்பிட்டுத் திண்ணையில் சாய்வதுண்டா?


பால்காரர்_மகன் எழுதியது:

உண்டும்மா. பன்னிரண்டரைக்குப் படுத்தால் மூன்று மணிக்கு மாடு கறக்கத்தான் எழுந்திருப்பார். அதை நான் தூக்கத்தில் சேர்த்ததே இல்லை. கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரம் வந்துவிடுகிறதே.


வார்டு_டாக்டர் எழுதியது:

சென்னை ஆய்வு எனக்குத் தெரியாது, நன்றி. எங்கள் வார்டில் ராத்திரி நோயாளியோடு தரையில் படுத்திருக்கும் உறவினர்களை இனி வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

மேலே எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன், இரண்டு நாளாக அது உறுத்துகிறது. தூக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்கிற நான் வாரத்தில் ஒரு முறையாவது 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்க்கிறேன். போன வருடம் அப்படி ஒரு முப்பதாவது மணி நேரத்தில், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எழுத வேண்டிய பொட்டாசியம் டிரிப்பை இன்னொருவரின் சீட்டில் எழுதிவிட்டேன். அவருக்குச் சிறுநீரகம் சரியில்லை, ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும். ‘சார், இவருக்கா?’ என்று சிஸ்டர் ஒரு வார்த்தை கேட்டதால் அவர் இன்று உயிரோடு இருக்கிறார். எழுதும்போது நான் முழு விழிப்போடு இருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம், அதுதான் பயமாக இருக்கிறது.

இதையும் அளந்துவிட்டார்கள். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள், நீண்ட ஷிஃப்டை வெட்டிக் குறைத்தபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள் என்று 2004இல் வெளியானது. நியூயார்க்கில் 1984இல் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்து, அவருடைய அப்பா விடாமல் போராடியதால்தான் அந்த மாநிலம் 1989இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் மத்திய அரசும் 1992லேயே வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. வார்டில் எதுவும் மாறவில்லை. என்னால் டியூட்டி சீட்டை மாற்ற முடியாது, ஆனால் இப்போது இருபது மணி நேரத்துக்கு மேல் போனால் எந்த மருந்து எழுதினாலும் சிஸ்டரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.


மதுரை_சிஸ்டர் எழுதியது:

நல்ல பழக்கம் தம்பி, விட்டுவிடாதீர்கள். நாங்களும் தூக்கக் கலக்கத்தில்தான் நிற்கிறோம், ஆனால் இரண்டு கண்ணுக்கு நாலு கண் மேல்.


கிழக்குத்தாம்பரம்_34 எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மனைவியிடம் சொன்னேன் அக்கா. திட்டவில்லை, அழுதுவிட்டாள். பைக் சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. குறட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, ‘ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன், மூச்சே நின்ன மாதிரி இருக்கும், நான்தான் உலுக்குவேன்’ என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. நுரையீரல் டாக்டரைப் பார்த்தேன், ஸ்லீப் ஸ்டடி எழுதிக்கொடுத்திருக்கிறார், வருகிற வியாழக்கிழமை. மூச்சு அடைப்பு இருந்தால் அதுவே சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும் என்றார்.

கேப்பில் வருகிறேன். வீட்டுக்கு வர 4:45 ஆகிறது, ஆனால் வழியிலேயே தூங்கிவிடுகிறேன். பையனின் ஸ்கூல் பை, யூனிஃபார்ம் எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே ஹாலில் எடுத்து வைத்துவிடுகிறோம், காலையில் யாரும் அறைக் கதவைத் திறப்பதில்லை. கறுப்புத் துணி தைக்கக் கொடுத்திருக்கிறேன், இப்போதைக்குப் பழைய போர்வை ஆணியில் தொங்குகிறது. இரும்புக்காரரிடம் மட்டும் இன்னும் பேசவில்லை, அவருக்கும் அதுதானே பிழைப்பு.

ராத்திரி 1:15 பிரேக்கில் பரோட்டாவுக்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டல் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு, மீதி இருபது நிமிடம் காலியாக இருக்கிற டிரெய்னிங் ரூமில் சாய்ந்துகொள்கிறேன். டீம் லீடிடம் தங்கை சொன்ன சென்னை ஆய்வைச் சொன்னேன். அவரும் மறுநாளிலிருந்து வந்து பக்கத்து நாற்காலியில் படுக்கிறார். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.